முள்ளியவளைக்குக் கட்டிய மூட்டை

வெளிநாட்டில் இருக்கும் என் மகள் என்னை வந்து கொஞ்சக்காலம் தன்னோடு நிற்கச் சொல்லியிருக்கிறாள். அழைப்போடு அறிவுறுத்தல்களும் வந்தன. உடுப்புகளை மடிக்கக் கூடாதாம், சுருட்ட வேண்டுமாம். மருந்துகள் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டியின் கைப்பிடியில் நிற நாடா ஒன்று கட்ட வேண்டும், அப்போதுதான் நூறு பெட்டிகளுக்குள் என் பெட்டியை அடையாளம் காணலாம். கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தாள்: "அப்பா, சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் கட்டிக்கொண்டு வரவேண்டாம்."

வாழ்நாளின் பெரும்பகுதியை அரசாங்கக் கந்தோர்களில் கழித்தவனுக்கு அறிவுறுத்தல்கள் புதிதல்ல. நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். அவற்றை ஒருவரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த வரியைப் படித்ததும், இவள் எட்டு மாதக் குழந்தையாகத் தாயின் மடியில் இருந்து செய்த முதல் பயணம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அது தெரியாது. பயணத்துக்கு எப்படி ஆயத்தம் செய்வது என்று அறிய விரும்புகிறவர்களும் இதைப் படிக்கலாம். பயன்படுமா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் வவுனியாக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், எழுதுவினைஞன். என் மனைவி பாக்கியம் பூவரசங்குளத்துப் பெண். எனக்கு ஒரே ஓர் அக்கா. அவளை முள்ளியவளையில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தான் வயற்காரர். வன்னியில் வயற்காரர் என்றால் வயல் மட்டுமல்ல, குளத்துத் தண்ணீர், எருமைப்பட்டி, காட்டுவழி, இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு மரியாதை. மற்றவற்றையெல்லாம் வெள்ளமோ வறட்சியோ கொண்டுபோகலாம். மரியாதையை ஒரு கமுகங்கால் கொண்டுபோய்விட்டது.

எங்கள் கலியாணம் பூவரசங்குளத்தில் பெண் வீட்டில் நடந்தது. அத்தான் பின்பக்கம், பந்தலைத் தாங்கிய ஒரு கமுகங்காலுக்கு அருகில் இருந்தார். சந்தனக் கும்பாவையும் வெற்றிலைத் தட்டத்தையும் கொண்டு வந்த பெண் வீட்டு இளைஞன் முன்வரிசை முழுவதற்கும் காட்டினான். பின்வரிசையில் இடப்பக்கத்தால் வந்தவன், அந்தக் கமுகங்காலோடு வரிசை முடிந்துவிட்டதென்று நினைத்துத் திரும்பிவிட்டான். அத்தான் அந்தக் காலுக்கு மறுபக்கம் இருந்தார். கமுகின் அகலம் எவ்வளவு என்று வாசகர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான் பிழை.

அத்தான் எழுந்தார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். பந்தியில் இருக்காமல், கை நனைக்காமல், வண்டிலைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பின்னால் போனாள். மணவறையில் இருந்த எனக்கு எழும்ப இடமில்லை. ஐயர் அப்போதுதான் அடுத்த மந்திரத்தைத் தொடங்கியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டோடு உறவு இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அந்த வீட்டில் கை நனைப்பது. மற்றதெல்லாம் வெறும் கதை. கை நனைக்காமல் எழும்பிப் போனவர் போனவர்தான். அதன்பின் இரண்டு வருடம் அவர்கள் எங்கள் வாசலுக்கு வரவில்லை, நாங்களும் போகவில்லை. மகள் பிறந்தபோதுகூட அக்கா பார்க்க வரவில்லை. ஒரு கொத்து மஞ்சளும் சின்னச் சட்டை ஒன்றும் யார் மூலமோ வந்து சேர்ந்தன. சட்டையின் தையலைப் பார்த்தே அக்கா தைத்தது என்று கண்டுபிடித்தேன்.

இந்த நிலையில்தான் நானா கச்சேரி வாசலில் வந்து நின்றார். முல்லைத்தீவுக் கருவாட்டு வியாபாரி. கிழமைக்கு ஒருமுறை வவுனியாவின் வாரச் சந்தைக்கு வருவார். நானா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன்; தமிழர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் அவர் நானாதான்.

"தம்பி, அக்கா சொல்லிவிட்டவ. வாற வியாழக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வரட்டாம். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு."

"அக்கா சொன்னவவோ, அத்தான் சொன்னவரோ?"

"அக்காதான் சொன்னவ. அத்தான் வீட்டு முத்தத்திலை நிண்டு கயிறு திரிச்சுக்கொண்டு கேட்டவர். வேண்டாமெண்டு சொல்லேல்லை."

"ஓமெண்டு சொன்னவரோ?"

நானா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, அந்த மனுசன் வேண்டாமெண்டு சொல்லாட்டில் அது ஓம்தான். இனி அதுக்கும் முத்திரை குத்திக் கையெழுத்து வைச்சுத் தரவேணுமோ?"

லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த அலுவல்' என்று எழுதினேன். அதைவிடச் சரியான சொல்லை நான் அந்தக் கந்தோரில் ஒருநாளும் எழுதவில்லை.

பெட்டி கட்டும் வேலை மூன்று நாளுக்கு முன்னரே தொடங்கியது. எத்தனை நாளுக்கு உடுப்பு வைப்பது என்ற முதற் கேள்வியிலேயே நாங்கள் சிக்கிக்கொண்டோம். அழைப்பு பகல் சாப்பாட்டுக்கு மட்டும். அன்று பின்னேரமே திரும்ப வேண்டுமா, ஒரு கிழமை நிற்கச் சொல்வார்களா என்பது அத்தானின் முகத்தைப் பொறுத்தது. முகத்தைப் பார்க்காமல் பெட்டி கட்ட வேண்டும்.

பாக்கியத்துக்கு என் அக்கா மச்சாள். அந்த முறையில் அத்தான் அவளுக்கு அண்ணை. அவள் சொன்னாள்: "ஒரு மாத்துத் துணியோடை போனால், சாப்பிட்டிட்டு ஓட வந்திருக்கினம் எண்டு மச்சாள் மனம் நோவா. பெரிய றங்குப்பெட்டியோடை போனால், ஆர் இவையை நிக்கச் சொன்னது எண்டு அண்ணை நினைப்பார்."

"அப்ப என்ன செய்வம்?"

"றங்குப்பெட்டியைக் கொண்டுபோவம். ஆனால் உள்ளை ஒண்டுமில்லாத மாதிரிக் கொண்டுபோவம்."

பெட்டி கட்டுவது பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ ஆலோசனைகளைப் படித்திருக்கிறேன். இதற்கு இணையான ஒன்றை எங்கும் காணவில்லை. ஒரு கிழமைக்குரிய உடுப்பு, பிள்ளைக்குப் பழைய சேலையில் கிழித்த துண்டுகள், வயிற்றுவலி மருந்து, ரோர்ச் லைற், துணி தோய்க்கப் புதுச் சவுக்காரம், குடை எல்லாவற்றையும் இறுக்கி வைத்தேன். பிறகு அந்தப் பெட்டியை ஒரு கையால் தூக்கி, பாரமில்லாதவன்போல் நடக்க வீட்டுக்குள் பழகிப் பார்த்தேன்.

வெறுங்கையோடு போகக் கூடாது. ஆனால் எதைக் கொண்டு போவது? முல்லைத்தீவுக்குக் கருவாடும் முள்ளியவளைக்குத் தயிரும் கொண்டு போகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். கடைசியில் பிஸ்கட் பெட்டி ஒன்றும், மாமனார் தோட்டத்துக் கதலிக்குலை ஒன்றும் என்று முடிவாயிற்று. பஞ்சாங்கத்தையும் பார்த்தேன். வியாழன் தெற்கே சூலம். நாங்கள் போவது வடக்கே. பஞ்சாங்கமும் லீவு அனுமதியும் ஒத்துப் போவது அபூர்வம்.

சண்டை வந்தது சோற்றில்தான்.

"காட்டுப் பாதை. ஒரு நேரச் சாப்பாடு கையிலை இருக்கவேணும்," என்றேன்.

"சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருக்கினம். சோறு கட்டிக்கொண்டு போனால் என்னப்பா அர்த்தம்?"

"பஸ் வழியிலை நிண்டால்?"

"நிண்டால் பசி கிடப்பம். ஒரு நேரம் கிடந்தால் செத்துப்போவமே?"

எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கீடு செய்யாத திட்டம் திட்டமே அல்ல என்று நான் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு பிள்ளையின் துண்டுகளை மடித்தாள். கடைசியில், "கட்டுறன். ஆனால் என்ரை பங்கிலை நான் கை வைக்கமாட்டன். நான் மச்சாள் வீட்டிலைதான் சாப்பிடுவன்," என்றாள்.

விடியற்புறம் எழுந்து சமைத்தாள். தகப்பனின் வயல் நெல்லைக் குத்திய சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பொரியல், இடித்த சம்பல், குளத்து விரால் பொரியல். அனலில் வாட்டிய வாழையிலையில் இரண்டு பொட்டலம். ஒவ்வொன்றிலும் ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பாணியும் வைத்துக் கட்டினாள். பொரித்த மீன் காட்டு வழியால் போனால் பேய் பின்னால் வருமாம். கரியையும் இரும்பையும் கண்டால் நின்றுவிடுமாம். பேய்க்கும் தடையுத்தரவு கொடுக்க ஒரு முறை இருக்கிறது என்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

ரெயில் மாங்குளத்தில் எங்களை இறக்கியபோது பனி இன்னும் காட்டுக்குள் நின்றது. ஸ்டேசனுக்கு முன்னால் இருந்த கடையில் சூடாக அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன். பாக்கியம் வெறுந்தேத்தண்ணி மட்டும் குடித்தாள். யாழ்ப்பாணத்தில் புதிய ஆளைக் கண்டால், "தம்பி ஆற்றை மோன்?" என்று தொடங்கி மூன்று தலைமுறை விசாரிப்பார்கள். மாங்குளக் கடையில் இருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "உங்கட பக்கம் குளத்திலை தண்ணி எவ்வளவு நிக்குது?" நான் யாருடைய மகன் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. தண்ணீர் நிற்கிற ஊரிலிருந்து வருகிறேனா என்பதே விடயம். நான் கச்சேரிப் பதிவில் இருந்த அளவைச் சொன்னேன். "அது போன கிழமைக் கணக்கு," என்றார் அவர்.

முல்லைத்தீவு பஸ் அந்நாளில் ஒரு கொம்பனிக்காரருடையது. கொம்பனியின் பெயர் வேண்டாம். அதன் பங்காளர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் முன் ஆசனத்தில் நானா. கருவாடு கொண்டுபோன ஓலை உமல்களைச் சுருட்டிக் காலடியில் வைத்திருந்தார். அவை வெறுமையாக இருந்தாலும் மணம் நிறைந்திருந்தது.

"வாருங்கோ தம்பி, வாருங்கோ தங்கச்சி. பகல் சாப்பாட்டுக்கு நேரத்தோடை போயிடலாம்."

காடு தொடங்கும் இடத்தில், ஒரு மரத்தடியில் கல்லுப் பிள்ளையார் ஒருவர் உண்டு. அந்த வழியால் போகிறவர் எவரும் இறங்கி இலையோடு ஒரு குழை முறித்து அவர் முன்னால் வைத்துவிட்டே காட்டுக்குள் போவார். அன்று சாரதி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

பின்னால் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு இருந்த ஒரு பெண் சத்தம் போட்டாள். "டேய் தம்பி! குழை வைக்காமல் போறாய்?"

"நேரம் பிந்திப்போச்சக்கா. வரேக்கை ரண்டாய் வைக்கிறன்."

"வரேக்கையோ? போய்ச் சேருவாயோ எண்டு முதல் பார்."

கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம். கீழே ஏதோ அடித்த சத்தம். பிறகு பெற்றோல் மணம். பாதையில் கிளம்பிய கல் ஒன்று பெற்றோல் தாங்கியை ஓட்டையாக்கிவிட்டது. பஸ் ஒரு முறை இருமி நின்றது. எல்லோரும் இறங்கினோம். கிழங்குக்காரப் பெண் சாரதியைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

சாரதி பஸ்ஸுக்குக் கீழே கிடந்தபடி கத்தினான். "ஆரிட்டையும் சவுக்காரம் இருக்கோ? புதுச் சவுக்காரம்!"

சவுக்காரத்தைத் தேங்காய்த் தும்போடு பிசைந்து ஓட்டையில் அடைத்தால் பெற்றோல் ஒழுகாது. இது எனக்கும் தெரியும். என் சவுக்காரம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்: றங்குப்பெட்டியின் அடியில். பெட்டி பஸ்ஸின் கூரையில். கூரையில் இருந்து இறக்குவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"இதுக்குள்ளை என்ன தம்பி, அம்மிக்கல்லோ?" என்றார் இறக்கியவர்களில் ஒருவர்.

நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால், பெட்டியைத் திறந்தேன். வேட்டிகள், சேலைகள், பிள்ளையின் துண்டுகள், குடை, ஒவ்வொன்றாகப் பாதையில் அடுக்கப்பட்டன. நானா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஒரு பகல் சாப்பாட்டுக்குத்தானே தம்பி வரச்சொன்னவை? இது குடிபோற மாதிரியெல்லோ கிடக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியம் மட்டும் பிள்ளையின் தலையை நீவிக்கொண்டு மரங்களைப் பார்த்தாள். பெட்டிக்குள் ஒன்றுமில்லை என்ற எங்கள் திட்டம் முள்ளியவளையை அடையுமுன்பே முடிந்துவிட்டது. பயணத்தில் முதலில் தேவைப்படும் பொருள் எதுவோ அதுதான் பெட்டியின் அடியில் இருக்கும். இதை விதியாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டை அடைபட்டது. ஆனால் உள்ளே இருந்த பெற்றோல் ஏற்கெனவே வன்னி மண்ணுக்குப் போயிருந்தது. மரம் ஏற்றிக்கொண்டு வந்த லொறி ஒன்றில் கொண்டக்டரை ஏற்றி, பெற்றோல் வாங்கிவர அனுப்பினார்கள். நாங்கள் பாலை மரங்களின் நிழலில் குந்தினோம். பாதையோரம் யானை இலத்தி புதிதாகக் கிடந்தது. கண்டும் காணாததுபோல் எல்லோரும் இருந்தார்கள்.

கிழங்குக்காரப் பெண் மெல்ல விசாரணையைத் தொடங்கினாள். "ஆரும் பொரிச்சது கிரிச்சது கொண்டுவந்தனியளோ?"

"நாங்கள் கொண்டுவந்தனாங்கள் அக்கா," என்றாள் பாக்கியம். "கரியும் ஆணியும் வைச்சுத்தான் கட்டினது."

என் பொட்டலத்தின் இலையை விலக்கிக் காட்டவும் செய்தாள். அந்தப் பெண் கரியைப் பார்த்தாள், ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். "சரி. அப்ப இது பேயின்ரை வேலை இல்லை. பிள்ளையாற்றை வேலைதான்." சாரதி தலையைக் குனிந்துகொண்டான்.

இன்று அந்தப் பாதையால் போகிறவர்கள் அந்தக் காட்டைக் காண மாட்டார்கள். நானும் இனிக் காணப்போவதில்லை. பாலைப்பழக் காலம் முடிந்திருந்தும் மரத்தடியில் அந்த இனிப்பு மணம் கொஞ்சம் மிச்சமிருந்தது. எங்கோ குரங்குகள் கிளைகளைக் குலுக்கின. கிழங்குக்காரி தன் மூட்டையை அவிழ்த்து அவித்த கிழங்கை எல்லோருக்கும் கொடுத்தாள். நானா மடியில் இருந்து பேரீச்சம்பழம் எடுத்தார். யாரோ பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்க் குரங்கு காட்டினார்கள். அவள் கை மாறிக் கை மாறி அந்தப் பஸ்ஸின் சொத்தாகிவிட்டாள். விடுமுறை என்ற சொல்லைக் கேட்டால் நான் பிற்காலத்தில் போன நுவரெலியாவோ மதுரையோ என் நினைவுக்கு வருவதில்லை. பெற்றோல் இல்லாத அந்தப் பஸ்ஸும், மரத்தில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருந்த பாக்கியமும்தான் வருகிறார்கள்.

சூரியன் உச்சிக்கு வந்தது. கொண்டக்டர் வரவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரமாட்டோம் என்பது உறுதியாயிற்று. நான் என் பொட்டலத்தை அவிழ்த்தேன்.

"பாக்கியம், நீரும் சாப்பிடும்."

"வேண்டாம்."

"பால் குடுக்கிற உடம்பு."

"நான் சொன்னதைத்தான் செய்யிறன். நீங்கள் சாப்பிடுங்கோ."

எதிர்பாராத நிலைமைக்கென்று ஒதுக்கிய சோற்றை எதிர்பாராத நிலைமையில் சாப்பிடாமல் விடுவது திட்டத்துக்கு முரணானது. சாப்பிட்டேன். வாட்டிய இலையில் சம்பலும் விரால் பொரியலும் ஊறி, சோறு அமிர்தமாக இருந்தது. ஒரு பருக்கை மிஞ்சவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வரும்போது நானா கேட்டார்.

"தங்கச்சி சாப்பிடேல்லையோ?"

"பசிக்கேல்லையாம்."

அவர் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் ஈரக்கையைப் பார்த்தார். "பசிக்காத முகம் இப்பிடியோ தம்பி இருக்கும்? நீங்களும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்." செய்தி கொண்டு வந்தவர் அவர். அதன் பாரம் என்னைவிட அவருக்குத் தெரிந்திருந்தது.

முள்ளியவளையில் எங்களை இறக்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. "போட்டு வாருங்கோ. நல்லதே நடக்கும்," என்று நானா யன்னலால் தலையை நீட்டிச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போவதென்றால் வேலி, படலை, அதற்குள் இன்னொரு வேலி. அத்தான் வீட்டுக்கு வேலியே இல்லை. பெரிய முற்றம், ஒரு புளியமரம், அப்பால் வயல். மறைந்து நிற்க இடம் கிடையாது. பெட்டியைப் புளியமரத்தடியிலேயே வைத்துவிட்டு, பிள்ளையோடும் வாழைக்குலையோடும் நடந்தோம்.

அக்கா குசினி அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு அணைத்து, அதன் தலைமயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகம் வெளியே வந்தது.

"ஏன்டா தம்பி இவ்வளவு பிந்தினது? மனுசன் இன்னும் பச்சைத்தண்ணி குடிக்கேல்லை," என்றாள் என் காதுக்குள். "விருந்து வராமல் நான் எப்பிடிச் சாப்பிடுறதெண்டு இருக்கிறார். நீங்கள் இனி வரமாட்டியள் எண்டு நினைச்சிட்டார்."

அத்தான் விறாந்தையில் நின்றார். இரண்டு வருடத்தில் தலை கொஞ்சம் நரைத்திருந்தது. "வாருங்கோ," என்றார், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வெளியைப் பார்த்து. பாக்கியத்திடம் நேரே பேசவில்லை. அக்காவிடம் சொன்னார்: "அவவுக்குக் கால் கழுவத் தண்ணி குடு."

பஸ் நின்ற கதையைச் சொன்னேன். கேட்டார். தலையாட்டினார். பாய் விரித்து இலை போட்டார்கள், எனக்கும் அத்தானுக்கும் எதிரெதிராக. சோறு குவிந்தது. மரை இறைச்சி வற்றல் கறி, இறால், முருங்கைக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, எருமைத் தயிர். அக்கா விடிய எழும்பிச் சமைத்த சாப்பாடு. அத்தான் நான் தொடங்கும்வரை காத்திருந்தார்.

நான் தொடங்கினேன். ஒரு பிடி இறங்கியது. இரண்டாம் பிடி நெஞ்சில் நின்றது. மூன்றாவதை வாய்க்குக் கொண்டு போகும்போது, மாங்குளத்து அப்பத்திலிருந்து பாலை மரத்தடி விரால்வரை எல்லாம் ஒன்றுதிரண்டு பெரிய ஏப்பமாக, ஏவறையாக, வந்தது. அடக்கப் பார்த்தேன். அரசாங்க இரகசியத்தை அடக்கலாம். ஏவறையை அடக்க முடியாது. இடித்த சம்பலின் மணம் அந்த விறாந்தை முழுவதும் பரவியது.

அத்தானின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது.

"வழியிலை சாப்பாடு முடிஞ்சுது போலை," என்றார்.

"இல்லை அத்தான், பஸ் நிண்டதாலை..."

"விடியத் தொடக்கம் இஞ்சை அடுப்பு எரியுது. கச்சேரிக்காரர் கட்டிக்கொண்டு வந்து காட்டிலை சாப்பிட்டிட்டு வந்திருக்கிறார். சரி. காத்திருந்தது எங்கடை பிழை."

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர் சோற்றைத் தொடாமலே எழுந்தார். கொடியில் கிடந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். பூவரசங்குளத்துப் பந்தலில் நான் மணவறையில் இருந்து பார்த்தேனே, அதே எழும்பல், அதே சால்வை. அக்கா அகப்பையோடு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. இந்த முறை சாட்டுக்கு எனக்கு ஐயர்கூட இல்லை. ஆனாலும் எழும்பாமல் பாயிலேயே இருந்தேன்.

"அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ."

பாக்கியம் குசினி வாசலில் நின்றாள். கலியாணத்தன்று அத்தனை பேர் இருந்த பந்தலில் ஒருவரும் சொல்லாத வசனம் அது.

"சாப்பிட்டது அவர். நான் சாப்பிடேல்லை." அவள் பையில் இருந்து தன் பொட்டலத்தை எடுத்து வந்து பாயில் வைத்தாள். "என்ரை பங்கு கட்டினபடி கிடக்கு. பாருங்கோ."

அத்தான் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு முதன்முறையாக அவளைப் பார்த்தார். "பிள்ளைக்குப் பால் குடுக்கிறனீர். ஏன் பசி கிடந்தனீர்?"

"இந்த வீட்டிலை கை நனைக்கவெண்டுதானே வெளிக்கிட்டனான். வழியிலை நனைக்கிறதெண்டால் நான் ஏன் இவ்வளவு தூரம் வரவேணும்?"

முற்றத்தில் கோழி ஒன்று எதையோ கிளறிக்கொண்டிருந்தது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சால்வையைத் தோளில் இருந்து எடுத்துக் கொடியில் போட்டார். திரும்ப வந்து பாயில் இருந்தார். தன் முன்னால் இருந்த இலையை, சோறு கறி எல்லாவற்றோடும், மெல்லப் பாக்கியம் நின்ற பக்கம் தள்ளினார். பொட்டலத்தை இழுத்து மடியருகே வைத்துக் கட்டை அவிழ்த்தார். கரித்துண்டையும் ஆணியையும் எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்தார்.

"ஆற்றை வயல் அரிசி?"

"அய்யாவின்ரை. பூவரசங்குளம்."

"ம்."

ஒரு பிடி எடுத்து, மீனைக் கிள்ளிச் சேர்த்து, வாயில் வைத்தார். விடியற்புறம் கட்டிய சோறு, வெயிலில் நாள் முழுதும் கிடந்தது. மெதுவாக மென்றார். அவர் விழுங்கும்வரை அக்கா அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

"உப்புக் காணாது," என்றார்.

பாக்கியம் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ரண்டு வரியத்துக்கு முந்தி வந்து சாப்பிட்டிருந்தால் உப்புச் சரியா இருந்திருக்கும், அண்ணை."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட மனம் கணக்குப் பார்த்தது. அத்தானுக்குப் புரைக்கேறியது. தலையைத் தட்டிக்கொண்டார், தண்ணீர்ச் செம்பைத் தேடினார், குடித்தார். பிறகுதான் அது சிரிப்பு என்று எனக்கு விளங்கியது.

"கேட்டியே தங்கச்சி சொல்லுறதை!" என்றார் அக்காவிடம். "எனக்கு ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்லை. இருக்கச் சொல்லு. தங்கச்சி, இரும், சாப்பிடும். அதென்ன அங்கை, பெட்டியைப் புளியமரத்துக்கோ சீதனம் குடுக்கிறியள்? சாப்பிட்டிட்டு உள்ளை எடுத்து வையுங்கோ."

பாக்கியம் இருந்தாள். அக்காவும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அந்த வீட்டில் ஆண்களும் பெண்களும் ஒரே பாயில் இருந்து சாப்பிட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அத்தான் பூவரசங்குளத்துச் சோற்றைச் சாப்பிட்டார். பாக்கியம் முள்ளியவளைச் சோற்றைச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தபோதுதான் அவள் எவ்வளவு பசியோடு வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அத்தான் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு, இலையை மடித்தார்.

பிறகு என் இலையைப் பார்த்தார். அதில் சோறு குவிந்தபடியே கிடந்தது.

"தம்பி, உங்களுக்கு இஞ்சத்தைய சாப்பாடு பிடிக்கேல்லைப் போலை?" என்றார்.

முகத்தில் சிரிப்பில்லை. கண்ணில் இருந்தது. நான் இடுப்பு வேட்டியைக் கொஞ்சம் தளர்த்தினேன். மரை வற்றலைத் தொட்டேன், இறாலைத் தொட்டேன், தயிரையும் விட்டுக் குழைத்தேன். வயிறு ஆட்சேபித்தது, அந்த ஆட்சேபத்தை நிராகரித்தேன். பாதி இலை வெளித்தபோது அக்கா சோற்றுப் பானையோடு எழும்பி வந்தாள். இரண்டு வருடம் அவள் கையால் ஒரு பிடி சோறு நான் சாப்பிடவில்லை. கையால் மறிக்காமல், இலையை அவள் பக்கம் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.